கேமரா செயலியில் ஒரு வசதியை மறைத்து வைக்கலாமா? கேமரா பிளஸ் விவகாரத்தை முன்வைத்து ஒரு விடை

கேள்வி இது. ஒருவர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்குமாக ஒரு கேமரா செயலி எழுதிவருகிறார். இரவில் தனியே பயணம் செய்யும் பெண் ஆபத்தை உணர்ந்து வால்யூம் பொத்தானை மூன்று முறை அழுத்தினால், திரை முழுதும் கறுத்துவிட, உள்ளே வீடியோ பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். செயலிக் கடைகள் விற்பனைக்கு முன் நடத்தும் மதிப்பாய்வில் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், அந்த வசதியை நிரலுக்குள் உறங்கவைத்து, ஒப்புதல் கிடைத்தபின் சர்வரிலிருந்து கட்டளை அனுப்பி எழுப்பிவிடலாமா என்று கேட்கிறார். 2010-இல் கேமரா பிளஸ் செயலியும் ஒரு வசதியை மறைத்துத்தானே கொண்டுவந்தது, பின்னர் ஆப்பிளே அதைத் தன் கேமராவில் சேர்த்துக்கொள்ளவில்லையா, பயனருக்கு நன்மை தரும் ஒன்றை மறைத்து வைப்பதில் என்ன குற்றம் என்பது அவர் வாதம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறைத்து வைக்காதீர்கள். வசதியைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. மறைப்பதை மட்டும் கைவிடச் சொல்கிறேன். அவை இரண்டும் வேறு வேறு என்பதை நீங்கள் சான்றாகக் காட்டிய கேமரா பிளஸ் விவகாரமே தெளிவாகக் காட்டுகிறது. அதில் பாதிதான் இன்று பலருக்கும் நினைவில் இருக்கிறது என்பதால், சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டேப் டேப் டேப் என்ற நிறுவனம், புகைப்படக் கலைஞர் லிசா பெட்டனியுடன் சேர்ந்து உருவாக்கிய கேமரா பிளஸ், 2010 ஜூன் மாதம் ஆப் ஸ்டோருக்கு வந்தது. அப்போதைய ஐபோனில் படம் எடுக்க வேண்டுமென்றால் திரையில் உள்ள வட்டத்தைத் தொட்டாக வேண்டும். கண்ணாடியைத் தொடும் கணத்தில் கை அசையும், படம் கலங்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுப்பதும் கடினம். அதே போனை, முகப்புப் பொத்தான் இடப்பக்கம் வரும்படி படுக்கவைத்துப் பிடித்துப் பார்த்தால், வால்யூம் பொத்தான்கள் மேல் விளிம்பின் வலப்பக்கத்தில், சாதாரணக் கேமராவில் ஷட்டர் இருக்கும் அதே இடத்தில், ஆள்காட்டி விரலுக்கு அடியில் வந்து அமரும். அந்தப் பொத்தானையே ஷட்டராக ஆக்கிவிடலாம் என்பது கேமராவைக் கையில் பிடித்துப் பழகிய யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். அந்த வசதிக்கு அவர்கள் வால்யூம்ஸ்னாப் என்று பெயரிட்டார்கள்.

அதை ஆப்பிள் நிராகரித்தது. வெளிப்புறப் பொத்தான்களின் இயல்பான வேலையை மாற்றுவது பயனரைக் குழப்பும், நிரலாளர் ஒப்பந்தத்துக்கும் அது முரணானது என்பது சொல்லப்பட்ட காரணம். நிறுவனம் அந்த வசதியை நீக்கிவிட்ட தோற்றத்தோடு செயலியை மறுபடி அனுப்பி ஒப்புதல் பெற்றது. நிரல் உள்ளேயே இருந்தது. ஐபோனின் சஃபாரி உலாவியில் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டினால் வால்யூம்ஸ்னாப் விழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அந்த முகவரி ட்விட்டர் வழியே வெளியே சொல்லப்பட்டது. செய்தி பரவிய சூட்டோடு கேமரா பிளஸ் கடையிலிருந்து அகற்றப்பட்டது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு செயலி ஏறக்குறைய நான்கு மாதம் விற்பனையில் இல்லாமல் கிடந்து, டிசம்பரில், அந்த வசதி இல்லாமல்தான் திரும்பி வந்தது. 2011 அக்டோபர் 12 அன்று வெளியான ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 5-இல், ஆப்பிளின் சொந்தக் கேமரா செயலி வால்யூம் கூட்டும் பொத்தானை ஷட்டராக ஏற்றுக்கொண்டது. அதன்பின் கேமரா பிளஸ்ஸும் வால்யூம்ஸ்னாப்பை, இம்முறை ஒளிவுமறைவின்றி, மீண்டும் சேர்த்தது.

இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, மறைத்தவர்கள்தான் சரி" என்று முடிப்பவர்கள் அதிகம். நான் அப்படி முடிக்கமாட்டேன். இங்கே மீறப்பட்டவை இரண்டு விதிகள். வன்பொருள் பொத்தானின் வேலையை மாற்றக் கூடாது என்பது ஒன்று. மதிப்பாய்வாளருக்குக் காட்டாத எதுவும் செயலிக்குள் இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. பதினான்கு மாதத்தில் கேமராவைப் பொறுத்தவரை முதல் விதி தளர்ந்தது. இரண்டாவது விதி இன்றுவரை தளரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு இறுகியே வந்திருக்கிறது. முதல் விதியைக் குறித்து டேப் டேப் டேப் எடுத்த நிலைப்பாடு சரியாக இருந்தது என்பதால், இரண்டாவதை மீறியதும் சரியென்று ஆகிவிடாது.

முதல் விதிக்கும் ஒரு காரணம் இருக்கவே செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வால்யூம் பொத்தான் அழுத்தப்பட்டதைச் செயலி நேராகக் கேட்டறிய அன்று அனுமதிக்கப்பட்ட வழி எதுவும் இல்லை. ஆகவே இத்தகைய செயலிகள் பொதுவாகக் கையாண்டது ஒரு சுற்றுவழி. கணினியின் ஒலியளவு மாறிவிட்டது என்ற உள் அறிவிப்பைக் காத்திருந்து பிடிப்பார்கள். பிடித்ததும் படம் எடுப்பார்கள். உடனே ஒலியளவைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைப்பார்கள். திரையில் தோன்றும் ஒலிப்பெருக்கிச் சின்னம் தெரியாமலிருக்க, ஒலியளவுக் காட்டியைத் திரைக்கு வெளியே எங்கோ ஒரு மூலையில் நிறுத்துவார்கள். ஒலியளவு ஏற்கெனவே உச்சத்திலோ அடியிலோ இருந்தால் மாற்றமே நிகழாது, படமும் எடுபடாது. அதற்காகச் செயலி திறந்தவுடன் ஒலியளவைச் சற்று நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே படம் எடுப்பவருக்குக் காதில் ஒலி ஏறியிறங்கும். கோரிக்கை நியாயமானது, பாதை கரடுமுரடானது.

நான் ஆப்பிளைக் குறை சொல்வது வேறோரிடத்தில். தன் சொந்தக் கேமராவுக்கு 2011-இலேயே அந்தப் பொத்தானை ஒழுங்காகக் கொடுத்த நிறுவனம், பிறர் எழுதும் கேமரா செயலிகளுக்கு அதற்கென்றே ஒரு முறையான ஏபிஐயை (இயங்குதளத்தின் வசதியைச் செயலிகள் பயன்படுத்துவதற்கான நிரல் வழியை) 2023 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 17.2-இல்தான் கொடுத்தது. வால்யூம்ஸ்னாப் அகற்றப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். இடைப்பட்ட காலம் முழுதும் நாங்கள் அந்தச் சுற்றுவழியையே சீர்படுத்திச் சீர்படுத்திப் பயன்படுத்திவந்தோம். கடையின் சொந்தக்காரரே கடையில் போட்டியாளராகவும் இருக்கும்போது இத்தகைய தாமதம் நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்தக் குறைக்கு மருந்து ஒளித்து வைப்பதில் இல்லை.

வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற ஒரு நிகழ்வும் அதே காலத்தில் நடந்திருக்கிறது. கேமரா பிளஸ்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் அதைப் பேசுவதில்லை. 2009-இல் ஐபோன் கேமராவின் முன் ஓடும் காட்சியைச் சட்டகம் (ஃபிரேம்) சட்டகமாகப் பெறுவதற்குச் செயலிகளுக்கு வழி தரப்படவில்லை. பார்கோடு படிக்கும் செயலிகளுக்கும், காட்சியின்மேல் தகவல் பதித்துக் காட்டும் செயலிகளுக்கும் அது இல்லாமல் வேலையே நடக்காது. திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்துத் தரும் வெளியிடப்படாத ஒரு செயற்கூறு ஐஓஎஸ்ஸுக்குள் இருப்பதை நிரலாளர்கள் கண்டார்கள். வெளியிடப்படாத ஏபிஐகளைத் தொடவே கூடாது என்பது விதி; இருந்தும், தேவை உண்மையானது என்பதைக் கண்ட ஆப்பிள், அந்த ஒரு செயற்கூறை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2009 இறுதியில் அனுமதித்தது. 2010 ஜூனில் வந்த ஐஓஎஸ் 4, ஏவி ஃபவுண்டேஷன் என்ற ஆப்பிளின் நிரல் தொகுப்பு வழியாகக் கேமராச் சட்டகங்களை முறையாகத் தந்தது. அதன்பின் அந்தத் தற்காலிக அனுமதி திரும்பப் பெறப்பட்டது. விதிவிலக்கு திறந்த முறையில் பிறந்து, தன் வேலை முடிந்ததும் திறந்த முறையிலேயே முடிந்தது. 

இதற்கு நேர்மாறான இன்னொன்று, 2010 ஜூலையில் நடந்தது. ஹேண்டி லைட் என்ற பெயரில் 99 சென்ட்டுக்கு ஒரு கைவிளக்குச் செயலி வந்தது. திரையை நிறம் நிறமாக ஒளிரவைப்பதுதான் வெளிப்பார்வைக்கு அதன் வேலை. நிறங்களைக் குறிப்பிட்ட வரிசையில் தொட்டால், போனின் இணைய இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து தரும் வசதி விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் அந்த வசதிக்கென மாதம் 20 டாலர் தனியாக வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. விஷயம் வெளியே தெரிந்த வேகத்தில் செயலி அகற்றப்பட்டது. வாங்கிய பயனர்களுக்கு வருத்தம். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். ஏமாந்தவர் மதிப்பாய்வாளர் ஒருவரே.

"பயனருக்குத் தெரிந்திருந்தால் போதாதா?" என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். மறைத்தல் என்று சொல்லும்போது யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பயனரிடமிருந்து மறைப்பது உளவு வேலை. அதை யாரும் நியாயப்படுத்துவதில்லை. மதிப்பாய்வாளரிடமிருந்து மட்டும் மறைப்பது, அந்த ஒரு செயலியைப் பொறுத்தவரை தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் மதிப்பாய்வு என்ற ஏற்பாடு நிற்பதே, சோதித்த பொருளும் விற்கும் பொருளும் ஒன்றே என்ற நம்பிக்கையின்மீது. வந்து சேரும் செயலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரு நாளுக்குள் பார்த்து முடிக்கப்படுகின்றன என்று ஆப்பிளே சொல்கிறது. அந்தக் குறுகிய நேரத்தில், உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்துண்டு நல்லவர் எழுதிய வால்யூம்ஸ்னாப்பா, தொடர்புப் பட்டியலைத் திருடும் கூறா என்று பிரித்தறிய எந்த மனிதராலும் முடியாது. உங்கள் நல்ல நோக்கம் உங்கள் மனத்தில் இருக்கிறது. நிரலில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. நீங்கள் பயன்படுத்தும் அதே உத்தியை, அதே வரிகளை, தீய நோக்கமுள்ளவரும் பயன்படுத்துவார். ஆகவே உத்தியையே தடைசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கேமராவைப் பொறுத்தவரை இன்னொருவரும் இருக்கிறார். அவர் செயலியை வாங்கவில்லை, எந்த அனுமதிப் பெட்டியிலும் சம்மதம் தெரிவிக்கவில்லை. கண்ணாடிவில்லைக்கு முன்னால் இருப்பவர் என்பது மட்டுமே அவருடைய தொடர்பு. கணக்குப் போடும் செயலியில் ஒளிந்திருக்கும் வசதிக்கும் கேமராவில் ஒளிந்திருக்கும் வசதிக்கும் உள்ள வேறுபாடு அவரால்தான் வருகிறது. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது பேருந்தில் தொல்லை கொடுப்பவனைப் பதிவுசெய்யும் பெண்ணை. திரை கறுத்திருக்க வீடியோ எடுக்கும் அதே கருவி, உடைமாற்றும் அறையிலும் விடுதியிலும் அந்தப் பெண்ணுக்கு எதிராகவே திரும்பும். அதைத் தடுக்க உங்களால் நிரலில் எழுதக்கூடிய நிபந்தனை எதுவும் இல்லை.

இன்று விதிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்ப்போம். கேமரா பிளஸ் அகற்றப்பட்டபோது, மதிப்பாய்வு நெறிமுறைகள் என்று ஓர் ஆவணமே நிரலாளர் கையில் இல்லை. நிராகரிப்புக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விதியை ஊகித்துவந்தார்கள். அடுத்த மாதமே, 2010 செப்டம்பர் 9 அன்று, ஆப்பிள் முதன்முறையாக அவற்றை எழுத்தில் வெளியிட்டது. இப்போதைய நெறிமுறைகளில் உங்களுக்குப் பொருந்துபவை முக்கியமாக மூன்று. மறைவான, உறங்கும், விவரிக்கப்படாத வசதிகள் கூடாது, புதிய வசதி ஒவ்வொன்றையும் மதிப்பாய்வுக் குறிப்பில் பெயர்சொல்லி விளக்க வேண்டும், பொதுப்படையாக எழுதினால் நிராகரிக்கப்படும் என்கிறது 2.3.1. வால்யூம் பொத்தான், ஒலியடக்கும் விசை ஆகியவற்றின் இயல்பை மாற்றவோ முடக்கவோ கூடாது என்கிறது 2.5.9. கேமராவோ மைக்கோ பயனரின் செயலைப் பதிவுசெய்யும்போது வெளிப்படையான சம்மதமும், கண்ணுக்கோ காதுக்கோ தெளிவாகத் தெரியும் அடையாளமும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2.5.14. உங்கள் திட்டம் இந்த மூன்றிலும் முட்டுகிறது. மீறல் அப்பட்டமாகவோ திரும்பத் திரும்பவோ நிகழ்ந்தால் செயலி மட்டுமன்றி நிரலாளர் கணக்கே போய்விடலாம். அந்தக் கணக்கில் உங்களுடைய வேறு செயலிகள் இருந்தால் அவையும் சேர்ந்தே போகும்.

கூகுளின் பிளே ஸ்டோர் தளர்வானது என்ற எண்ணம் பழையது. செயலி செய்வதாகச் சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கக் கூடாது, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இயங்கு நிரலை இறக்கிக்கொள்ளக் கூடாது என்ற விதிகள் அங்கும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து, ஒருவரை அவருக்குத் தெரியாமல் கண்காணிக்கும் செயலிகளுக்கென்று தனிக் கொள்கையே நடைமுறையில் இருக்கிறது.

சர்வரிலிருந்து எழுப்பும் உத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிகப் பெரிய சான்று ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு. 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற தன் விளையாட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்த நேரடிக் கட்டண வசதியைச் சர்வர் வழியே எழுப்பியது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அதை அகற்றின. 2021 செப்டம்பர் 10 அன்று நீதிபதி இவோன் கொன்சாலஸ் ராஜர்ஸ் வழங்கிய தீர்ப்பில், ஆப்பிளின் சில கட்டுப்பாடுகள் தவறென்று சொல்லி, வெளியே பணம் செலுத்தும் வழியைப் பயனருக்குக் காட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். ஆனால் ஒப்பந்தத்தை மீறியது எபிக்தான் என்றும், அந்த வழியில் ஐஓஎஸ்ஸில் ஈட்டிய தொகையில் 30 சதவீதத்தை ஆப்பிளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. விதி தவறாக இருந்ததா என்பதையும் மறைத்து மீறியது சரியா என்பதையும் நீதிமன்றமும் தனித்தனியாகவே எடைபோட்டது.

சர்வரிலிருந்து வசதிகளைத் திறந்து மூடுவதெல்லாம் குற்றமா என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. அது எல்லோரும் செய்வது. ஆப்பிளே புதிய பதிப்பை ஏழு நாளில், முதல் நாள் ஒரு சதவீதத்தினருக்கு என்று தொடங்கி, படிப்படியாகத் திறந்துவிடும் ஏற்பாட்டைத் தருகிறது. ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃபிளைட்டில் பத்தாயிரம் வெளியாட்கள்வரை சோதனைப் பதிப்பைக் கொடுக்கலாம். மதிப்பாய்வாளருக்குச் சொல்லி, அவர் கையில் அந்த வசதி திறந்து இயங்கிக் காட்டினால் அது மறைவான வசதி ஆகாது. பயனருக்கு எப்போது திறப்பது என்பது உங்கள் உரிமை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக ஆவணங்களைப் படமெடுக்கும் செயலி ஒன்றை எழுதினேன். சோதனைக்காக, முத்திரைச் சின்னத்தை ஐந்து நொடி அழுத்தினால் திறக்கும் பட்டியல் ஒன்றை வைத்திருந்தேன்; வெளியீட்டுப் பதிப்பில் அதை எடுக்க மறந்துவிட்டேன். மதிப்பாய்வில் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். வாடிக்கையாளரின் அறிமுக நாள் தள்ளிப்போனது. குற்றம் முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து சோதனைக் கூறுகளை வெளியீட்டுப் பதிப்பில் தொகுப்பதே இல்லை; அணைத்து வைப்பது போதாது, இல்லாமலே இருக்க வேண்டும்.

திறந்த முறையில் சொன்னால் எவ்வளவு தூரம் அனுமதிக்கப்படுகிறது என்பதற்கு ஜப்பானையும் தென்கொரியாவையும் பாருங்கள். மறைவாகப் படமெடுக்கும் குற்றம் பெருகியதால், அவ்விரு நாடுகளிலும் விற்கும் போன்களில் ஷட்டர் ஒலியை அணைக்க முடியாதபடி செய்யும் வழக்கம் 2000-களில் வேரூன்றியது. அது சட்டத்தால் வந்ததன்று, தொழில்துறையின் உடன்பாட்டால் வந்தது. ஒலியில்லாமல் படமெடுக்கும் செயலிகளோ அங்கே கடைகளில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. வீடியோச் சட்டகம் ஒன்றைப் பிடித்துப் படமாகச் சேமிப்பதால் அவற்றில் ஷட்டர் ஒலி எழுவதில்லை. உறங்கும் குழந்தையை எடுப்பதற்கு, உணவகத்தில் பிறருக்குத் தொல்லையில்லாமல் எடுப்பதற்கு என்று விவரணையிலேயே எழுதியிருப்பார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால், என்ன செய்கிறது என்று சொல்லி விற்கும் பொருளைப் பற்றிப் பொதுவில் விவாதிக்க முடிகிறது. ஒளிந்திருப்பதைப் பற்றி அது வெடித்தபின்தான் பேச முடியும்.

கடை விதிகளை ஒதுக்கிவிட்டே பார்த்தாலும், உங்கள் திட்டம் இன்றைய இயங்குதளங்களில் நீங்கள் நினைக்கிறபடி வேலை செய்யாது. ஐபோனில் செயலி பின்னணிக்குப் போன மறுகணம் கேமரா அதனிடமிருந்து பிடுங்கப்படும். திரையைப் பூட்டினாலும் அவ்வாறே. திரையைக் கறுப்பாக வரைந்து செயலியை முன்னணியிலேயே வைத்திருந்தால், 2020-இல் ஐஓஎஸ் 14 கொண்டுவந்த பச்சைப் புள்ளி மேல் மூலையில் எரிந்துகொண்டிருக்கும். அதை எந்தச் செயலியாலும் அணைக்க முடியாது. ஆண்ட்ராய்டு 9, பின்னணியில் உள்ள செயலிகளுக்குக் கேமராவை மறுத்துவிட்டது. ஆண்ட்ராய்டு 12-இல் அங்கும் பச்சை அடையாளம் வந்தது. பின்னணியில் பதிவைத் தொடர வேண்டுமானால், செயலி திரையில் இருக்கும்போதே முன்னணிச் சேவை (பயனருக்குத் தெரியும்படி தொடர்ந்து இயங்கும் பணி) ஒன்றைத் தொடங்கி, அதற்குரிய அறிவிப்பைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தச் சேவை கேமராவுக்கானது என்று தனியாக அறிவிக்க வேண்டும்; ஆண்ட்ராய்டு 14 முதல், நிரலாளருக்கான பிளே கன்சோல் பக்கத்தில் காரணமும் சொல்ல வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்படவைக்கும் பகுதி, சர்வரிலிருந்து கேமராவின் நடத்தையை மாற்றும் அந்தக் கட்டளைதான். கேமரா செயலிக்குள் திறந்து கிடக்கும் ஒரு கதவு என்ன செய்யும் என்பதை 2019 நவம்பரில் செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காட்டியது. கூகுள் கேமராவே பிற செயலிகளின் அழைப்பைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதால், கேமரா அனுமதியே பெறாத வேறொரு செயலி அதன் வழியாகப் படமும் வீடியோவும் எடுக்க முடிந்தது. சேமிப்பக அனுமதி ஒன்றிருந்தால் அவற்றை எடுத்துச் செல்லவும் முடிந்தது. சாம்சங் கேமராவிலும் அதே ஓட்டை இருந்தது. கூகுள் அதை அவ்வாண்டு ஜூலையிலேயே அடைத்துவிட்டது என்றாலும், அத்தனை பாதுகாப்பு வல்லுநர்கள் உள்ள நிறுவனங்களின் கேமராவிலேயே தெரியாமல் ஒரு கதவு திறந்து கிடந்திருக்கிறது. நீங்கள் தெரிந்தே ஒன்றை வைக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் சர்வரின் கடவுச்சொல் யார் கையிலாவது சிக்கினால், நீங்கள் காக்க நினைத்த பெண்களின் கைப்பையில் உள்ள கேமராக்களின் சாவி அவர் கைக்குப் போகும்.

சரி, செய்யக்கூடியது என்ன? நிறையவே இருக்கிறது, 2010-இல் இல்லாத வழிகள் பல இன்று முறையாகவே திறந்திருக்கின்றன. நான் முன்பு சொன்ன ஐஓஎஸ் 17.2 ஏபிஐ, கேமரா ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்கு வால்யூம் பொத்தானின் அழுத்தத்தை நேராகவே தெரிவிக்கும், பொத்தானை அழுத்தியது, விட்டது இரண்டையும் தனித்தனியே சொல்லும், ஒலியளவும் குலையாது. மூன்று அழுத்தத்தை எண்ணுவது அதன்மேல் எளிது. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18, பூட்டிய திரையிலிருந்தே பிறருடைய கேமரா செயலியையும் திறக்க வழி தந்தது. ஆக்‌ஷன் பொத்தானிலும் (பயனர் விரும்பிய வேலைக்கு ஒதுக்கக்கூடிய, புதிய ஐபோன்களின் பக்கவாட்டுப் பொத்தான்) அதை அமர்த்தலாம். போனைத் திறந்து, செயலியைத் தேடி, தொடும் நேரம் மிச்சமாகிறது. ஆபத்து வேளையில் உண்மையில் உயிர்காக்கும் நொடிகள் அங்கேதான் இருக்கின்றன.

திரையைக் கறுப்பாக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் மறுபடி சிந்தியுங்கள். தாக்க வருபவன் போனைப் பிடுங்கி உடைப்பான் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குச் சரியான காப்பு, பதிவு நடப்பதை மறைப்பதைக் காட்டிலும், பதிவானதை நொடிக்கு நொடி போனுக்கு வெளியே அனுப்பிவிடுவது. ஐந்து நொடித் துண்டுகளாக வீடியோவை வெட்டி, பயனர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இருவருக்கு இடக்குறிப்போடு சென்று சேரும்படி செய்தால், போன் உடைந்தாலும் சான்று பிழைக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு சிறு சிவப்புக் குறியை மட்டும் விட்டுவைப்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. பதிவாகிறது என்று தெரிந்தாலே பின்வாங்குபவர்களும் உண்டு என்பதால், மறைக்காத பதிவும் ஒரு காப்புதான்.

மதிப்பாய்வுக் குறிப்பில் இதையெல்லாம் ஒரு வரியில் அடக்காமல் எழுதுங்கள். எந்தப் பொத்தான், எத்தனை அழுத்தம், எப்போது பதிவு தொடங்கும், என்ன அடையாளம் தெரியும், வீடியோ எங்கே போகிறது, எத்தனை நாளில் அழிகிறது என்று தனித்தனியே சொல்லி, உண்மையான போனில் எடுத்த செயல்விளக்க வீடியோவையும் இணையுங்கள். அப்படியும் நிராகரித்தால் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். 2020-க்குப் பிறகு, தன் செயலி விதிக்கு உட்பட்டதே என்று வாதிடுவதோடு நில்லாமல், அந்த விதியே தவறு என்று முறையிடவும் ஆப்பிள் வழி வைத்திருக்கிறது. டேப் டேப் டேப்புக்கு அன்று அந்த வழி இருக்கவில்லை. வால்யூம் பொத்தானைப் பற்றி நிராகரிப்பு வந்தால், நீங்கள் பயன்படுத்துவது ஆப்பிளே கேமரா செயலிகளுக்கென வெளியிட்ட ஏபிஐ என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள்.